காளான் சேகரமும் களக்குறிப்பும்



பூசண இயலில் தேர்ந்த அறிஞர் பலர் குழுமியிருக்கும் இக்கருத்தரங்கிற்குத் தலைமை வகிக்கும் கௌரவத்தை எனக்களித்த அமைப்பாளர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. அடுத்துப் பேசவிருப்போரின் நுட்பமான விஷயங்களுக்குள் புகாமல், அவை யாவற்றுக்கும் ஆதாரமான ஒன்றை மட்டும் தங்கள் சிந்தனைக்கு வைக்கிறேன்.

பூக்கும் தாவரத்தை அழுத்தி உலர்த்தினால் அதன் இலையும் பூவும் நூறாண்டு கழித்தும் காண்பார்க்குப் பெரிதும் புலப்படும். காளானோ உலர்ந்ததும் நிறம் மங்கி, மணம் அகன்று, உருவம் சுருங்கிப் போகும் இயல்பினதாகையால், அது ஈரமாயிருக்கையில் எழுதப்பெறும் வர்ணனையை மாதிரியின் ஒரு பாதியாகவே நாம் கொள்ளவேண்டும்.

இதற்கு இலங்கையின் சரித்திரம் தக்க சான்று. பேராதனைத் தோட்டத்திலிருந்து த்வெயிட்ஸ் அனுப்பிய காளான்களை பெர்க்லி, புரூம் ஆகிய பூசண இயலார் இருவரும் இங்கிலாந்திலிருந்தபடியே ஆராய்ந்து, 1870-களில் பெயரிட்டு வெளியிட்டனர். 1905-இல் பேராதனைக்கு வந்த தாமஸ் பெட்ச், அம்மண்ணிலேயே காளான்களை உயிர்நிலையில் கண்டு, முன்னோரின் முடிவுகளோடு ஒப்பிட்டு, திருத்தங்களைத் தொடர் கட்டுரைகளாக வெளியிட்டார். பெர்க்லியின் மதிநுட்பத்தில் குறையில்லை. அவர் கைக்கெட்டியது பெரும்பாலும் உலர்ந்த பாதியே. எனினும் 1879-இல் அவர் தம் சேகரத்தைக் கியூ தோட்டத்துக்கு அளித்தமையாலன்றோ, பிற்காலத்தார் அவருடைய தீர்ப்புகளை மீண்டும் பரிசோதிக்க இயல்கிறது!

சேகரிப்பவர் காட்டில் காட்டும் பொறுமையே இவ்விரு பாதிகளையும் இணைப்பது. புற்றுக்காளானின் தண்டு, கறையான்கள் புற்றினுள் வளர்க்கும் பூசணப் படுகை வரை மண்ணுக்குள் நீண்டிறங்குவதால், அதைத் தரைமட்டத்தில் பறிப்பவர் அதன் பிரதான லட்சணத்தை மண்ணிலேயே விட்டுவருகிறார். அமானிட்டாக்கள் பலவற்றின் அடிக்கிண்ணமும் அவ்வாறே புதைந்திருப்பது. ஆகவே தோண்டியெடுத்து, காகிதப் பையிலிட்டு, அருகிலுள்ள மரம், நிறம், மணம், நறுக்கிய சதையின் நிறமாற்றம் ஆகியவற்றை அன்றே எழுதி, குடையைப் பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளில் கவிழ்த்து வித்துத்தூளின் நிறமறிந்து, மிதமான வெப்பத்தில் உலர்த்தி, குறிப்பு, பொட்டலம், வித்துப்பதிவு, படம், பதிவேடு அனைத்திலும் ஒரே எண்ணைப் பொறித்தல் வேண்டும்.

உலர்ந்த இழையிலிருந்தே மரபணுவை வாசிக்கும் இந்நாளில் இத்தனை எழுத்து எதற்கென்று இளைஞர் வினவக்கூடும். நியாயமான கேள்வியே. மரபணு இனத்தின் உறவுமுறையை உரைக்கும்; அக்காளான் எம்மரத்தடியில் நின்றது, வெட்டியதும் நீலித்ததா சிவந்ததா என்பதைக் கண்டவரன்றி வேறெவரும் உரைத்தல் அரிது.

எனவே, களக்குறிப்பில்லாத புதிய மாதிரிக்கு உலர்தாவரகப் பதிவெண் வழங்குவதில்லை என்னும் நியதியை நம் நிலையங்கள் ஏற்கலாமா என்பதை இவ்வவை விவாதித்து முடிவு காணவேண்டுமென்று பிரேரணை செய்து, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.