கண்காணிக்கும் கண்ணுக்குக் காவல்



அக்கரைப்பற்றுக் கடைத்தெருவில் நடந்து செல்வோரைப் பல வாயில்களின் மேலிருந்து சிறு கண்ணாடிக் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. புடைவைக் கடை, நகைக் கடை, மருந்துக் கடை, நெல் வியாபார நிலையம் எனப் பல இடங்களிலும் சி.சி.ரி.வி. கமரா ஏறி அமர்ந்துவிட்டது. முற்காலத்தில் தடியும் டோர்ச் விளக்குமாக இராக்காவலாளி செய்த வேலையை இது செய்கின்றது என்று பலர் எண்ணுகின்றனர். காவலாளி கள்வனைத் தடுத்து நிறுத்த வல்லவன். கமராவோ கண்டதைப் பின்னர் எடுத்துரைக்கும் சாட்சி மாத்திரமே. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் திகதி, நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்தை நோக்கிக் குண்டுதாரி நடந்து சென்றதைக் கமரா கண்டது. அதனால் தடுக்க இயலவில்லை. ஆயினும் அது கண்டதை நாடே பின்னர் கண்டது.

சாட்சியின் வாயை அடைக்க விரும்புவோர் எக்காலத்திலும் இருந்திருக்கின்றனர். சாட்சி தானாகவே ஊமையாகிப் போவதும் உண்டு. இவை எவ்வாறு நிகழ்கின்றன, இவற்றுக்குப் பரிகாரம் யாது என்பதே இப்பேச்சின் பொருளாகும்.

கடலோர ஊர்களில் கமராவின் முதற் பகைவன் கடற்காற்றே. உப்புக் கலந்த ஈரக்காற்று தகரத்தையும் ஆணியையும் துருவேற்றுவதை அங்குள்ளோர் நன்கறிவர். அதே உப்பு கமராவின் இணைப்பு முனைகளிலும் படிகின்றது. செம்பு பச்சை பூக்கின்றது, படம் நடுங்குகின்றது, கோடுகள் விழுகின்றன, ஒரு நாள் முற்றாக மறைந்துவிடுகின்றது. ஆனி, ஆடி மாதங்களில் வீசும் கச்சான் காற்று புழுதியை வாரி வந்து கண்ணாடியில் அப்புகின்றது. கார்த்திகை, மார்கழியில் வாடையோடு வரும் அடைமழை மூட்டுகளின் வழியே புகுந்து கண்ணாடியின் உட்புறத்தில் ஆவியாய்ப் படிகின்றது. இடி மின்னலின்போது வயர் வழியே பாயும் மிகை மின்சாரம் பதிவுப் பெட்டியையே கருக்கிவிடக்கூடும்.

சிலந்தியும் ஒரு பகைதான். இருளிலும் பார்ப்பதற்காகக் கமராக்கள் மனிதக் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை வீசுகின்றன. கமராவின் வெம்மையையும் அதன் மறைவையும் நாடி வரும் சிலந்தி, கண்ணாடியின் முன்னே ஓரிழை கட்டினாற் போதும். அவ்வொளியில் அந்த இழை வெள்ளைக் கயிறுபோல் தோன்றித் தெருவையே மறைத்துவிடும்.

இனி மின்சாரம். 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு ஏற்பட்டமை எவருக்கும் மறந்திராது. மின்கலத் துணையில்லாத கமராக்கள் அந்நாள்களில் பாதி நாளுக்கு மேல் குருடாகவே இருந்தன. மின்சாரம் போய் வரும்போது பழைய பெட்டிகளின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே சென்றுவிடுவதும் உண்டு. களவு நடந்தது இவ்வாண்டு; படத்தின் மேல் எழுதியிருப்பது 2000ஆம் ஆண்டு. அத்தகைய சாட்சியை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எளிதில் மடக்கிவிடுவார். மேலும், பெட்டியிலுள்ள தட்டு நிறைந்ததும் பழையதன் மேலேயே புதியது எழுதப்படுகின்றது. பதினைந்து நாள் மட்டும் கொள்ளும் பெட்டியிடம் இருபதாம் நாள் சென்று கேட்டால் விடை கிடையாது.

அடுத்து, மனிதர் வேண்டுமென்றே செய்யும் கேடுகள். கண்ணாடியைத் துணியாலோ சாயத்தாலோ மறைத்தல், கமராவின் முகத்தை வானத்துக்குத் திருப்புதல், கடும் ஒளியைப் பாய்ச்சுதல், வயரை அறுத்தல், வயரில்லாக் கமராவின் வானலையைக் குழப்புதல் ஆகியன பழகிப்போன வழிகள். பதிவுப் பெட்டியைக் காசு மேசையின் அருகே வைத்திருக்கும் கடையிலோ கள்வனுக்கு இவையொன்றும் வேண்டா. காசோடு பெட்டியையும் தூக்கிச் சென்றுவிடுகின்றான். ஆதலால் கமராவைக் கைக்கெட்டாத உயரத்தில் பொருத்துதல் வேண்டும். ஒரு கமராவை மற்றொரு கமரா பார்க்கும்படி அமைத்தல் வேண்டும். வயரைக் குழாயினுள் மறைத்து, பெட்டியை வேறோர் அறையில் பூட்டி வைத்தல் நன்று. படத்தின் பிரதி வேறோரிடத்துக்கும் செல்லுமாயின் இன்னும் சிறப்பு.

கதவைத் திறவாமலே புகும் கள்வரும் இக்காலத்தில் உளர். கமராக்கள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது யாவரும் அறிந்த எளிய கடவுச்சொல்லோடு வருவது வழக்கமாயிருந்தது. அதனை மாற்றாது விட்டவர்களின் கமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் 2016ஆம் ஆண்டில் ‘மிராய்’ என்னும் தீய நிரல் கைப்பற்றிக்கொண்டது. அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆந் திகதி அந்தப் படை ஓர் அமெரிக்க நிறுவனத்தைத் தாக்கியபோது பெரிய இணையத் தளங்கள் பல மணிக்கணக்கில் முடங்கின. 2017 ஜனவரியில், ஜனாதிபதிப் பதவியேற்பு விழாவுக்குச் சில நாள்களே இருக்கையில், வாஷிங்டன் நகரப் பொலிஸாரின் 187 பதிவுப் பெட்டிகளுள் 123 பெட்டிகளைக் கப்பம் கேட்கும் நிரல் முடக்கியது. கமரா ஒவ்வொன்றும் உடையாமல் தன் இடத்திலேயே இருந்தது; அது கண்டதைப் பதிவதற்குத்தான் பெட்டி இல்லாமற் போயிற்று.

கள்வர் செய்யும் இக்கேடுகளைவிடக் கொடியது ஒன்றுண்டு. அது காப்பவரின் கையாலேயே நேர்வது. தமிழ்நாட்டுச் சாத்தான்குளத்தில் 2020 ஜூன் 19ஆந் திகதி வணிகர் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் பொலிஸ் நிலையத்தில் தடுத்து வைக்கப்பட்டனர். சில நாள்களுள் இருவரும் இறந்தனர். நிலையத்தில் கமரா இருந்தது. விசாரிக்கச் சென்ற நீதவான் கண்டது யாதெனில், தட்டில் போதிய இடம் இருந்தும் ஒவ்வொரு நாளும் பதிவு தானாகவே அழிந்துபோகும்படி பெட்டி அமைக்கப்பட்டிருந்தது என்பதே. எவரும் கல்லெறியவில்லை, வயரை அறுக்கவில்லை, ஆயினும் சாட்சி ஊமையாயிற்று. அவ்வாண்டு டிசெம்பர் 2ஆந் திகதி, வேறொரு வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் கமரா வேண்டுமென்றும், பதிவைப் பதினெட்டு மாதமாயினும், அது இயலாவிடின் ஓராண்டாயினும் காத்தல் வேண்டுமென்றும், அதற்கு நிலையப் பொறுப்பதிகாரியே பொறுப்பென்றும் ஆணையிட்டது.

கமராவை உடைப்போர் யாவரும் கள்வர் என்று கொள்வதும் பிழையாகும். 2019 ஓகஸ்ட் 24ஆந் திகதி ஹொங்கொங்கில், தங்கள் முகங்களை அடையாளங் காண்பதற்கே வைக்கப்பட்டுள்ளன என்று அஞ்சிய போராட்டக்காரர் கமரா பொருத்திய விளக்குக் கம்பங்களை அறுத்து வீழ்த்தினர். 2023இல் லண்டன் மாநகரில், பழைய வாகனங்களுக்குக் கட்டணம் விதிக்கும் கமராக்களின் வயர்கள் அறுக்கப்பட்டன. கண்ணாடிகளில் சாயம் பூசப்பட்டது. பொதுப் பொருளை அழித்தமை குற்றமே. ஆயினும் பார்க்கும் கண்ணின் மீது நம்பிக்கை இல்லாதபோது அதன்மேல் கை எழுகின்றது என்னும் பாடம் அங்கே உண்டு.

அப்பாடம் அக்கரைப்பற்றுக்கும் பொருந்தும். கிடுகு வேலியும் மதிலும் கட்டி வீட்டின் மறைவைப் பேணி வந்த மக்கள் வாழும் ஊர் அது. பிறர் வளவினுள் எட்டிப் பார்த்தலை மார்க்கமும் பழிக்கின்றது, மரபும் பழிக்கின்றது. ஒருவர் தம் வாயிலைக் காக்க வைத்த கமரா அயலவரின் கிணற்றடியையும் சேர்த்துக் காணுமாயின், அயலவர் அதன் முன்னே சாக்கைத் தொங்கவிடுவதைப் பகைமை என்று சொல்லிவிட முடியுமா? கமராவைச் சற்றே திருப்பி வைப்பதும், ‘இதிற்படும் படம் இன்னதற்கே’ என்று சொல்லி வைப்பதும் அச்சண்டையை முளையிலேயே தவிர்க்கும். ஒருவரின் உருவமும் அவருடைய தரவே என்னும் கருத்து, இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் இசைந்ததாகும்.

நீதிமன்றமும் காப்பவரையே நோக்குகின்றது. 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று விசேட ஏற்பாடுகள் சட்டத்தின்படி, கருவியின் பதிவு சான்றாக ஏற்கப்படுதற்கு அது நிகழ்ச்சி நடந்த வேளையிலேயே பதியப்பட்டிருத்தல் வேண்டும். கருவி செவ்வனே இயங்கியிருத்தல் வேண்டும். பதிவு மாற்றப்படாததாய் இருத்தல் வேண்டும். எதிர்த்தரப்பினர் அதனைப் பார்வையிடவும் வாய்ப்பளித்தல் வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. காலையில் கடை திறப்பவர் கல்லாவை எண்ணுமுன் படம் தெளிவாயுள்ளதா, கடிகாரம் சரியாயுள்ளதா, நேற்றைய இரவு பதிவாகியுள்ளதா என்று ஒருமுறை பார்க்கலாம். வாரத்துக்கொரு நாள் கண்ணாடியைத் துடைத்து நூலாம்படையை நீக்கலாம். களவு நடந்தால் அன்றே பிரதியெடுத்து வைக்கலாம். கிழக்குக் கரை மக்கள், பிறர் நம்பி ஒப்படைத்த பொருளை ‘அமானிதம்’ என்பர். கமரா பதிந்து வைத்திருக்கும் படமும் அத்தகையதே. அதில் கடைக்காரரின் பொருள் மட்டுமன்றி, வாங்க வந்தவரின் மானமும், வீணே சந்தேகிக்கப்பட்டவரின் விடுதலையும் அடங்கியிருக்கக்கூடும்.