மேனிச் சொரசொரப்பும் பிள்ளையின் மனமும்

(தோட்டத் தொழிலாளர், தாய்மார் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சம்பளம், போனஸ், வீடு என்றே நமது மேடைகளில் பேசி வருகிறோம். இன்று பிள்ளைகளின் தோலைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது சங்க மேடைக்குரிய பேச்சா என்று எவரும் எண்ண வேண்டாம். தொழிலாளியின் சம்பளப் பணம் எந்த வழியில் வீணாகக் கரைந்தாலும், தொழிலாளியின் பிள்ளை எக்காரணத்தால் பள்ளியில் தலைகுனிந்தாலும், அது நமது பிரச்சினையே.

பல வீடுகளில் காண்பது இது. பிள்ளையின் மேற்கை வெளிப்புறத்தில், தொடையில், சில சமயம் கன்னத்தில் சிறு சிறு மொட்டுகள். தடவிப் பார்த்தால் இறகு பறித்த கோழித்தோல் போலச் சொரசொரப்பு. வலியில்லை, பெரும்பாலும் அரிப்பும் இல்லை. ஆனால் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் போகாமல் நிற்கிறது. பக்கத்து வீட்டார், “பிள்ளையைச் சரியாகக் குளிப்பாட்டுவதில்லை” என்கிறார்கள். மாமியார், “கருவாடு கொடுத்தாய், அதனால் வந்தது” என்கிறார். பெற்றவள் மனம் நோகிறாள். பிள்ளையோ வெயில் கொளுத்தும் நாளிலும் நீளக்கைச் சட்டை கேட்கிறது.

தாய்மார்களே, முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். இது அழுக்கால் வந்ததல்ல. கருவாட்டால் வந்ததல்ல. உங்கள் கவனக்குறைவால் வந்ததுமல்ல.

வைத்தியர்கள் இதனைக் கெரட்டோசிஸ் பைலாரிஸ் என்பார்கள். தோலின் மேற்பகுதியை ஆக்கும் கெரட்டின் என்னும் பொருள், உரோமத் துளையின் வாயில் சிறு அடைப்பாகக் கட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு மொட்டும் அப்படிப்பட்ட ஓர் அடைப்பே. பெற்றோர் வழியாகப் பிள்ளைக்கு வருவது இதன் இயல்பு. தகப்பனார் தமது மேற்கையைத் தடவிப் பார்த்தால் அங்கும் தட்டுப்படலாம். பெரியவர்களில் 100க்குச் சுமார் 40 பேருக்கும், பதின்ம வயதினரில் பாதிக்கு மேற்பட்டோருக்கும் இது உண்டென்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. ஆகவே, இதன் பேரில் ஆயாக்கொட்டகையில் ஒரு பிள்ளையைத் தனியே உட்கார வைப்பதும், பள்ளியில் கைகோத்து விளையாட விடாமல் தடுப்பதும் நியாயமல்ல.

இதனை அடியோடு போக்கும் மருந்து கிடையாது. அடியோடு போக்குவேன் என்று எவன் விற்றாலும் அவனை நம்பாதீர்கள். ஆனால் சொரசொரப்பைத் தணிக்கலாம். அதற்கு வேண்டியது பெரும் பணமல்ல. தினந்தோறும் சிறு கவனம்.

காலையில் இருட்டோடு வெட்டுக்குப் போகிறவர்களுக்கு அந்த வேளையில் நேரமில்லை என்பதை அறிவோம். மாலைக் குளிப்பை முக்கியமாகக் கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கொதிக்கும் வெந்நீர் வேண்டாம். காரமான சோப்பை விட்டு, மென்மையான சோப்பைக் கொஞ்சமாகப் போடுங்கள். பீர்க்கங்கூடு, தேங்காய் நார், கல் ஆகியவற்றால் தேய்க்காதீர்கள். தேய்த்தால் அடைப்புப் போகுமென்று பலர் நினைக்கிறார்கள். தேய்க்கத் தேய்க்கத் தோல் புண்பட்டுச் சிவக்குமே தவிர அடைப்புப் போவதில்லை. நகத்தால் கிள்ளி எடுப்பதும் கூடாது; தழும்பு விழும்.

குளித்தபின் துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுதும் காயும் முன்னே ஈரப்பதம் காக்கும் களிம்பைத் தடவுங்கள். வாசனையில்லாத சாதாரணக் களிம்பு போதும். முடிந்தால் காலையில் பாட்டியோ அக்காளோ மீண்டும் ஒருமுறை தடவட்டும். இவ்வாறு பல வாரங்கள் செய்தால்தான் பலன் தெரியும். நிறுத்தினால் சொரசொரப்புத் திரும்பும். அதைக் கண்டு மனம் தளர வேண்டாம்; இதன் இயல்பு அது.

சாதாரணக் களிம்பால் குறையாவிட்டால், யூரியா கலந்த களிம்பை வைத்தியர் எழுதிக் கொடுப்பதுண்டு. யூரியா என்றதும் உர ஸ்டோரில் இருக்கும் மூட்டை நமக்கு நினைவு வரும். உர யூரியாவைத் தண்ணீரில் கரைத்துப் பிள்ளையின் மேல் பூசவே கூடாது. மருந்துக் களிம்பில் அது அளவோடு சேர்க்கப்படுகிறது. அதுவும் புண்பட்ட தோலில் பட்டால் எரியும். சிறு பிள்ளைக்கு எந்த அளவு தகும் என்பதை வைத்தியரைக் கேட்டே தீர்மானிக்க வேண்டும்.

வெட்டுத் தோழர்களுக்கு இன்னொரு வார்த்தை. பால் உறையவைக்கும் பார்மிக் ஆசிட்டும், பால் கட்டாமலிருக்கச் சேர்க்கும் அமோனியாவும் தோலைச் சுடும் சரக்குகள். கையை நன்றாகக் கழுவிய பிறகே பிள்ளையைத் தொட்டுக் களிம்பு பூசுங்கள். பாரபின் கலந்த களிம்பு ஊறிய துணி எளிதில் தீப்பற்றும்; அடுப்புக்கும் சாமி விளக்குக்கும் அருகில் பிள்ளையை விடாதீர்கள்.

இனி, பணத்தைப் பறிக்கும் விஷயத்துக்கு வருகிறோம். சந்தையிலும் கைப்பேசி வழியாகவும் பெயர் தெரியாத களிம்புகள் விற்கப்படுகின்றன. “மூன்று நாளில் தோல் வழவழப்பாகும்” என்பார்கள். இப்படிப்பட்ட சிலவற்றில் சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. முதலில் சிவப்புக் குறைந்து நன்மை போலத் தெரியும். நாள்பட நாள்படத் தோல் மெலியும், கோடுகள் விழும், அந்தக் கோடுகள் மறையா. சொரசொரப்பாவது ஆபத்தில்லாதது, அதைப் போக்கப் போய் ஆபத்தை விலைக்கு வாங்கலாமா? மலேசியாவில் பதிவான மருந்தின் மேல் எம்.ஏ.எல். என்ற எழுத்துகளோடு தொடங்கும் பதிவு எண் இருக்கும். படிக்கத் தெரியாத தாய்மார் கேட்டால் அதைப் பார்த்துச் சொல்வது கிராணிமார் செய்யக்கூடிய நல்ல உதவி. அரசாங்க சுகாதார நிலையத்தில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளிதான். களிம்புக்காரனிடம் ஐம்பது வெள்ளி கொடுக்கும் முன் அங்கே போங்கள்.

சொரசொரப்பெல்லாம் ஒன்றல்ல என்பதையும் மறக்கக் கூடாது. இரவில் தூங்கவிடாத அரிப்பு, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் பருக்கள், வீட்டில் பலருக்கும் அதே தொல்லை என்றால், அது சொறி சிரங்காக இருக்கலாம். சிறு பூச்சியால் வருவது, தொற்றக்கூடியது. வைத்தியர் தரும் மருந்தை அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டார் அனைவரும் ஒரே நாளில் பூச வேண்டும். முத்துப்போல் பளபளத்து நடுவில் குழியிருந்தால், அது கிருமியால் வரும் மொல்லஸ்கம். அதுவும் தொற்றும், கிள்ளாமல், துண்டைப் பகிராமல் இருந்தால் பெரும்பாலும் மாதங்கள் சென்று தானே மறையும். முழங்கை, முழங்காலில் முள் முளைத்தது போலிருந்து, அந்தி மங்கினால் பிள்ளைக்குக் கண் தெரியவில்லை என்றால், அது சத்துக் குறைவின் அடையாளமாகலாம். 1933ஆம் ஆண்டிலேயே நிக்கல்ஸ் என்ற மருத்துவர் ஆப்பிரிக்கத் தொழிலாளர்களிடம் இத்தகைய தோலைக் கண்டு, தேரைத்தோல் என்று பொருள்படும் பெயரிட்டார். வயிற்றின் குறை தோலில் தெரிகிறது! அதற்குக் களிம்பு போதாது. முருங்கைக் கீரையும் முட்டையும் வேண்டும். வைத்தியரிடம் உடனே காட்டவும் வேண்டும். சீழ், காய்ச்சல், வலி இருந்தாலும் தாமதிக்கக் கூடாது.

குளிக்கவும் துணி துவைக்கவும் தண்ணீர் வேண்டுமே! தோட்ட வீடுகளுக்குப் போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டியது நிர்வாகத்தின் கடமை என்று மலேசியாவின் 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் கூறுகிறது. தண்ணீர் வராத லயத்தில் இருப்பவர்கள் வாய்மூடி இருக்க வேண்டாம். தோட்டக் கமிட்டியிடம் சொல்லுங்கள்.

முடிவாகப் பிள்ளையின் மனம். விருந்தினர் முன்னே சட்டைக் கையைத் தூக்கிக் காட்டி, “பாருங்கள், இதற்கு எத்தனை செலவு!” என்று சொல்லாதீர்கள். களிம்பு பூசுவதைத் தண்டனையாக்காதீர்கள். பிள்ளை வளர்ந்தால் தானே பூசிக்கொள்ளப் பழக்குங்கள். வயது ஏற ஏறப் பலருக்கு இது தணிந்துவிடுகிறது. தணியாமற் போனாலும் படிப்புக்கோ, உழைப்புக்கோ, திருமணத்துக்கோ இது தடையல்ல. “உன் தோல் இப்படித்தான், அப்பாவுக்கும் இப்படித்தான், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை” என்று பெற்றவர் வாயால் சொல்லும் ஒரு சொல்லுக்கு எந்தக் களிம்பும் ஈடாகாது. அந்தச் சொல்லை இன்றிரவே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறோம்.