ஊர்க் கூட்டத்தில் நம் பெற்றோரின் குரல்

(சேவூர் குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



காய்ச்சலோடு வரும் குழந்தையிடம், "அம்மா எங்கே?" என்று கேட்டால் நம் பகுதியில் ஒரே பதில்தான்: "கம்பெனிக்குப் போயிருக்காங்க சார்." அந்த அம்மாவிடம், சுகாதார நிலையம் எந்த நேரத்தில் இயங்கினால் உங்களுக்குத் தோது என்று யார் கேட்டார்கள்? 2021இல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அருமையான திட்டம். ஆனால் பகலில் பனியன் தொழிலாளியின் வீடு பூட்டியிருக்கும். பணியிடத்துக்கே செல்லும் திட்டம் 2024இல்தான் வந்தது.

சுகாதாரத்தைத் திட்டமிடுவதில் பங்கேற்பது மக்களின் உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட என்று 1978இல் அல்மா ஆட்டா பிரகடனம் சொன்னது. தாய்லாந்து 2007இல் சட்டம் இயற்றி, மறு ஆண்டே தேசிய சுகாதாரப் பேரவையைக் கூட்டியது. தமிழ்நாட்டிலும் சுகாதார சீரமைப்புத் திட்டத்தின் கீழ் மாவட்ட சுகாதாரப் பேரவைகள் நடந்துள்ளன. ஊரின் தேவை அங்கே போய்ச் சேர, முதலில் கிராம சபையில் அது தீர்மானமாக வேண்டும்.

இப்போது ஆண்டுக்கு 6 கிராம சபைகள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளர்களுக்குச் சம்பளத்துடன் விடுமுறை. மார்ச் 22, நவம்பர் 1 அப்படியல்ல. ஆகவே சுகாதாரக் கோரிக்கையை அந்த நான்கு நாள்களில் எழுப்பச் சொல்லுங்கள். (ஆர்டர் அவசரமென்றால் அன்றும் கூப்பிடுவார்கள் என்பது நமக்குத் தெரியாததா!)

இன்னொரு சிக்கல். அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் இருப்பவரே கிராம சபை உறுப்பினர். ஒடிசா, பீகாரிலிருந்து வந்த குடும்பங்களில் பலருக்கு இங்கே ஓட்டு இல்லை. ஆனால் அவர்களின் பிள்ளைகள் நம் வருகைப் பதிவேட்டில் இருக்கிறார்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். இதற்கு ஓட்டு தேவையில்லை. பிள்ளை படித்தால் போதும். அவர்கள் சொல்வதைக் குழுத் தீர்மானமாக்கி, ஓட்டுள்ள பெற்றோர் மூலம் கிராம சபையில் வைக்கலாம்.

"எமிஸ் வேலையே முடியல, இதுவுமா?" என்று பின்வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது. எப்படியும் கூட்டப்போகும் குழுக் கூட்டத்தில் பத்து நிமிடம்தான் கேட்கிறேன். ‘மருத்துவ வசதி வேண்டும்’ என்று பொதுவாக எழுதாதீர்கள். அது கோப்பிலேயே தூங்கிவிடும். வாரத்தில் எந்த நாள், மாலை எத்தனை மணிக்கு, எத்தனை குடும்பங்களுக்கு என்று எழுதுங்கள். அடுத்த சபையில், அந்தத் தீர்மானம் என்ன ஆயிற்று என்று கேட்கவும் ஒருவர் வேண்டும். மொழிபெயர்க்கப் பிள்ளைகளைக் கூப்பிட்டால் நேரம், இடம் மட்டும் கேளுங்கள். தாயின் நோயைப் பற்றிப் பிள்ளை வாயால் சொல்ல வைக்காதீர்கள்.

அக்டோபர் 2 நெருங்குகிறது. தமிழ் பேசாத பெற்றோர் உங்கள் வகுப்பில் எத்தனை பேர், எந்த மொழி பேசுகிறார்கள் என்ற பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.