சொக்கலிங்கத்தின் மகளும் எங்கள் வகுப்புத் தோழியும்

(நூற்றாண்டை முன்னிட்டுக் கரடியனாற்றில் நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



டொக்டரை மேடைக்கு அழைத்தால் சீனி வருத்தம், பிரசர் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். அதை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தனித்தனியாக வைத்துக்கொள்வோம். இப்போது எங்கள் வயதுப் பெண் ஒருவரைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறோம். தொலைக்காட்சிக்கு எழுதுகிறவர், தொடர்கள் தயாரிக்கிறவர்.

அவருடைய முழுப்பெயர் வேரா மிண்டி சொக்கலிங்கம். 1979 ஜூன் 24 அன்று அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். எங்கள் வகுப்பில் பலர் பிறந்ததும் அதே ஆண்டுதான். தகப்பன் தமிழர், கட்டடக் கலைஞர். தாய் வங்காளி, எங்களைப்போல டொக்டர், மகப்பேற்று நிபுணர். இருவரும் சந்தித்தது நைஜீரியாவில் ஓர் ஆஸ்பத்திரி வேலையில். பிள்ளை நகைச்சுவை மேடை ஏறியபோது அறிவிப்பாளர்களின் வாயில் சொக்கலிங்கம் நுழையவில்லை. வெட்டிக் குறைத்து மிண்டி கேலிங் ஆனார். எங்கள் பக்கத்துச் சந்தியில் நின்று சொக்கலிங்கம் என்று கூப்பிட்டால் மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே அது சுமையாகிவிட்டது.

2002இல் சிநேகிதி ஒருவருடன் சேர்ந்து ஒரு நாடகம் எழுதி நியூயோர்க்கில் மேடையேற்றினார். அது வழி திறந்தது. 'த ஒபிஸ்' என்ற தொடருக்கு எழுதப் போனபோது வயது 24. எழுத்தாளர் அறையில் எட்டுப் பேர், பெண் அவர் ஒருத்திதான். ஒரு காகித நிறுவன அலுவலகத்தைப் பற்றிய அந்தத் தொடரில் 2006இல் தீபாவளியை வைத்தே ஒரு அங்கம் எழுதினார். 2010இல் எமி விருதுக்குப் பரிந்துரை கிடைத்தது. 2012இல் தன் சொந்தத் தொடரைத் தொடங்கினார். அதில் அவர் நடித்த பாத்திரம் ஒரு மகப்பேற்று டொக்டர். அந்த வருஷம் ஜனவரியில்தான் அவருடைய அம்மா கணையப் புற்றுநோயால் இறந்திருந்தார். கணையப் புற்றுநோய் எப்படி ஆளை உருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்த பிள்ளை அடுத்த மாதங்களில் சிரிக்க வைக்கும் வசனம் எழுதியது என்றால், அது லேசான தொழில் என்று இனி யாரும் எங்களிடம் சொல்லக்கூடாது.

ஆனால் நாங்கள் சொல்ல வந்தது 2020இல் நெற்பிளிக்ஸில் வந்த 'நெவர் ஹேவ் ஐ எவர்' பற்றி. லாங் ஃபிஷர் என்பவருடன் சேர்ந்து மிண்டி உருவாக்கிய தொடர் அது. தேவி விஸ்வகுமார் என்ற தமிழ்ப் பிள்ளையின் கதை. நடித்தவர் மைத்திரேயி இராமகிருஷ்ணன், கனடாவில் பிறந்தவர். பெற்றோர் எங்கள் நாட்டு யுத்தத்தில் அகதியாகப் போனவர்கள். 15,000 பேரிலிருந்து தெரிவானவர்.

எல்லாம் எங்களுக்குப் பிடித்தது என்று சொல்லமாட்டோம். அந்த வீட்டில் தமிழ் உப்புக்குக்கூடக் காணாது. பொடியன்மாரைப் பற்றி அந்தப் பிள்ளை பேசும் பேச்சை எங்கள் அம்மாமார் கேட்டால் ரிமோட்டைப் பறித்திருப்பார்கள். ஆனாலும் முதல் அங்கத்தில் ஒரு விஷயம் வருகிறது. பாடசாலைக் கச்சேரியில் தேவி ஹார்ப் வாசித்துக்கொண்டிருக்கும்போது பார்வையாளர் நடுவில் இருந்த தகப்பன் மாரடைப்பால் விழுந்து இறக்கிறார். பிறகு அவளுடைய இரண்டு கால்களும் இயங்காமல் போகின்றன. மூன்று மாதம் சக்கர நாற்காலி.

அந்த இடத்தில் எங்களுக்குப் படம் ஓடவில்லை. விடுதி ஓடியது.

நாங்கள் சாதாரண தரம் படித்த வருஷம். எங்களில் ஒருத்தியின் அப்பா வயலுக்குப் போனவர் திரும்பவில்லை. மூன்றாம் நாள் சைக்கிள் மட்டும் வந்தது. அவள் அழவில்லை. இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு விடியற்காலை கட்டிலில் இருந்து எழும்ப முடியவில்லை என்றாள். எண்ணெய் போட்டு உருவினார்கள், நூல் கட்டினார்கள், எக்ஸ்றே எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லை என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நாங்கள் என்ன சொன்னோம்? "சோதனைக்குப் பயந்து நடிக்கிறாள்." அவளுக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னோம்.

பல வருஷம் கழித்து மருத்துவ பீடத்தில் அதன் பெயரைப் படித்தோம். நரம்பும் தசையும் எலும்பும் சரியாக இருக்கும். துயரம் தாங்காத மூளை காலுக்குக் கட்டளை அனுப்புவதில் தடுமாறும். பாசாங்கு அல்ல, அவளாக நினைத்துச் செய்வதும் அல்ல. கட்டிலில் படுக்கவைத்து நல்ல காலைத் தூக்கச் சொல்லும்போது, தூக்க முடியாத மற்றக் காலின் குதி தானாகவே மெத்தையை அழுத்துகிறதா என்று பார்க்கும் ஒரு சிறிய பரிசோதனை இருக்கிறது. கையை அந்தக் குதிக்குக் கீழே வைத்தாலே போதும். மருந்துக் குளிசையைவிட, "உனக்கு நடப்பது உண்மைதான், இது மாறும்" என்று சொல்லும் ஓர் ஆளும் உடற்பயிற்சியும்தான் வேண்டும். எங்கள் விடுதியில் அந்த ஆள் இருக்கவில்லை. ஆறுபேர் ஓர் அறையில் படுத்தோம்.

இந்தப் பக்கத்தில் அப்படி எத்தனை பிள்ளைகள்! படுவான்கரையில் தகப்பன் இல்லாத வீடு ஒன்றிரண்டா? கவிதையில் நாங்கள் அழுதிருக்கிறோம், மேடையில் ஒப்பாரி வைத்திருக்கிறோம். ஆனால் தகப்பனை இழந்த பிள்ளை கோபக்காரியாக, பொய் சொல்கிறவளாக, தாயோடு கத்துகிறவளாக, அதே நேரம் எங்களைச் சிரிக்க வைக்கிறவளாக இருக்கலாம் என்று எங்களில் யார் எழுதினோம்? மிண்டி எழுதினார், நான்கு பருவங்களில் நாற்பது அங்கங்கள். மனநல ஆலோசகரிடம் போவது வெட்கம் அல்ல என்பதை எந்தச் சுவரொட்டியும் இவ்வளவு சுலபமாகச் சொன்னதில்லை. நாங்கள் கிளினிக்கில் ஒரு நாளைக்கு நாற்பது பேரைப் பார்க்கலாம். அதற்கு மேல் எங்களால் ஏலாது.

அதனால் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நிதியிலிருந்து கொடுக்கும் புலமைப்பரிசில் மருத்துவம், பொறியியல் போகும் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வரைவில் இருக்கிறது. அந்த "மட்டும்" வேண்டாம். கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகம் படிக்கப் போகும் பிள்ளைக்கும் ஒரு பங்கு வேண்டும். முதல் வருஷத்துப் பணத்தை எங்கள் வகுப்பு போடுகிறது. காலையில் இங்கே நடந்த சின்ன நாடகத்தை எழுதிய பத்தாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா பின்வரிசையில் இருக்கிறா. அம்மா, பிள்ளை எழுதுவதை நிற்பாட்டவேண்டாம். கணக்கில் குறைந்த புள்ளிக்கு நாங்களே ரியூசன் எடுத்துக் கொடுக்கிறோம்.

எங்கள் சிநேகிதியிடம் கேட்டுத்தான் இதையெல்லாம் பேசினோம். இன்றைக்கும் வந்திருக்கிறாள், நடந்துதான் வந்தாள். எங்கே இருக்கிறாள் என்று தேடவேண்டாம். மகளோடு இருந்து முதல் அங்கத்தைப் பார்த்துவிட்டு எங்களுக்குப் போன் எடுத்தாள். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தோம். அவள் விடவில்லை. "அவளுக்கு மூண்டு மாசம்தானே, எனக்கு அஞ்சு மாசமடி" என்று சொல்லிச் சிரித்தாள்.