இரகசியம் எது? உரிமை எது?



அரசாங்கப் பத்திரம் என்றாலே நாம் கேட்கக்கூடாத ஒன்று என்ற எண்ணம் தோட்டத்து மக்களிடையே உண்டு. இதில் பாதி உண்மை. பாதி வீண் பயம். இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டம் நடப்பில் இருக்கிறது. மந்திரி சபையின் பத்திரங்கள், மாநில ஆட்சிக் குழுவின் பத்திரங்கள், நாட்டின் பாதுகாப்பு, தற்காப்பு, அனைத்துலக உறவு பற்றியவை ஆகியன அதில் அடங்கும். பொறுப்பான அதிகாரி முத்திரையிட்ட மற்றப் பத்திரங்களும் இரகசியமே. 1986-இல் செய்த திருத்தத்தின்படி, அவற்றை வெளியிடுவோருக்குக் குறைந்தது ஓராண்டு, கூடியது ஏழாண்டுச் சிறை. "இது இரகசியம்" என்று அமைச்சரோ அதிகாரியோ சான்றிதழ் தந்துவிட்டால், நீதிமன்றத்திலும் அதைக் கேள்வி கேட்க இயலாது. ஆகவே, அரசாங்க அலுவலகங்களில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் கவனமாக இருக்கவேண்டும்.

இரகசியமே கூடாதா என்றால், அப்படியல்ல. வரன் பேசி முடியுமுன் யாரும் ஊருக்குச் சொல்வதில்லை. ஆனால் குடிநீர்க் கிணற்றில் பாம்பு விழுந்ததை மறைக்கலாமா? 1997-இல் புகைமூட்டம் நாட்டைச் சூழ்ந்தது. அதன் பின்னர்ச் சில ஆண்டுகள் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டு எண்கள் மக்களுக்குச் சொல்லப்படவில்லை. சுற்றுப்பயணிகள் வரத் தயங்குவார்கள் என்பது காரணம். மூச்சிரைப்பு நோயுள்ள பிள்ளையை வெளியே விடலாமா என்று ஒரு தாய் எதைக்கொண்டு முடிவு செய்வாள்? 2005 ஆகஸ்டில் மீண்டும் புகை சூழ்ந்தபோதுதான் அந்த எண்கள் வெளியிடப்பட்டன. இன்று எவரும் அவற்றைப் பார்க்கலாம்.

கேட்பதற்கென்றே சட்டம் செய்த இடங்களும் உண்டு. தமிழ்நாடு 1997-இலும், இந்தியா முழுமைக்கும் 2005-இலும், இலங்கை 2016-இலும் தகவல் அறியும் சட்டம் இயற்றின. நம் நாட்டில் சிலாங்கூர் 2011-இல் இயற்றியது; பினாங்கும் இயற்றியிருக்கிறது. அவை அந்தந்த மாநில அரசின் பத்திரங்களுக்கு மட்டுமே பொருந்தும். பகாங்கில் வாழும் நமக்கு அவை உதவமாட்டா.

அப்படியானால் நாம் எதையுமே கேட்க முடியாதா? முடியும். உங்கள் ஊழியர் சேமநிதிக் கணக்கு இரகசியமல்ல. சம்பளத்தில் பிடித்த பணம் மாதந்தோறும் கட்டப்பட்டதா என்று நீங்களே கேட்டுப் பார்க்கலாம். சம்பளச் சீட்டு உங்கள் உரிமை. பிள்ளையின் பிறப்புப் பத்திரம் தொலைந்தால், பதிவிலாகாவில் மனுச் செய்து அதன் பிரதியைப் பெறலாம். ஒரு நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதை, கட்டணம் செலுத்தி நில அலுவலகத்தில் தேடிப் பார்க்கலாம். வீட்டு மனைக்கு முன்பணம் கொடுக்குமுன் இதைச் செய்தவர் ஏமாறமாட்டார்.

கேட்கும்போது எழுத்தில் கேளுங்கள். தேதியிட்டு, ஒரு நகலை வைத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். "தர இயலாது" என்று சொன்னால், எந்தச் சட்டத்தின்படி என்று பணிவாகக் கேளுங்கள். சட்டம் மூடிய கதவு வேறு. நம் பயம் மூடிய கதவு வேறு. இரண்டாவதைத் திறக்க நம் கையே போதும்.