கொடுங்கோலன் பெயரில் ஓர் ஆண்டு

கி.பி. 525 என்று இன்று நாம் குறிக்கும் ஆண்டில் வாழ்ந்தவர்கள் அதனை அப்படி அறிந்திருக்கவில்லை. அவ்வாண்டின் வசந்தகாலம் உரோமாபுரியிலே புரோபஸ் என்பவர் கொன்சல் பதவி வகித்த காலம். சிரிய மொழி பேசிய கிறிஸ்தவருக்குக் கிரேக்கர் ஆண்டு 836. எகிப்தில் டயோக்கிளீசியன் ஆண்டு 241. வரி செலுத்தும் குடியானவனுக்கோ பதினைந்து ஆண்டு வரிச் சுற்றில் மூன்றாம் ஆண்டு. எத்தனையாவது சுற்று என்பதை எவரும் எழுதிவைப்பதில்லை. பிரபவ முதலான அறுபது பெயர்களைச் சுழற்றிவரும் நமக்கு இந்தச் சங்கடம் நன்கு விளங்கும். பாப்பிரசு ஏடுகளை ஆராய்வோர் இன்றும் இதனால் திண்டாடுகிறார்கள்.

என்னை ஈர்ப்பது எகிப்தியக் கணக்கே. டயோக்கிளீசியன் பேரரசனானது 284 நவம்பரில். எகிப்தியப் புத்தாண்டான ஓகஸ்ட் 29இலிருந்து அவனது முதலாம் ஆண்டை எண்ணினார்கள். 305இல் அவன் பதவி துறந்தான்; எண்ணிக்கை மட்டும் நிற்கவில்லை. அறுபடாத ஓர் எண்வரிசை வானநூலாருக்கு வேண்டியிருந்தது. உயிர்த்த ஞாயிறைக் கணித்துவந்த அலெக்சாந்திரியத் திருச்சபையும் அதனையே கைக்கொண்டது. 303இல் பெரும் வேத கலாபனையைத் தொடக்கியவன் இவனே என்பதை எண்ணிப் பாருங்கள்! அவன் பெயரைச் சொல்லித்தான் கிறிஸ்துவின் உயிர்ப்புக்கு நாள் குறித்தார்கள்.

இதனைப் பொறுக்காதவர் உரோமாபுரியில் வாழ்ந்த டயோனீசியஸ் என்ற துறவி. ‘சிறியோன்’ என்பது அவர் தமக்கிட்டுக்கொண்ட அடைமொழி. நம்மவர் ‘அடியேன்’ என்பது போல. முந்திய அட்டவணை டயோக்கிளீசியன் 247உடன் முடிந்தது. 525இல் அதன் தொடர்ச்சியை வகுத்தபோது, 248 என்று எழுதவேண்டிய இடத்தில் அவர் 532 என்று எழுதினார். கொடியவனின் நினைவை நிலைநிறுத்த விரும்பவில்லை என்று காரணமும் கூறினார். அலெக்சாந்திரியக் கணிதத்தை அவர் மாற்றவில்லை. மாறியது ஆண்டின் பெயரே. கிறிஸ்து பிறந்த ஆண்டை எவ்வாறு கண்டார் என்பதை மட்டும் அவர் விளக்கவில்லை. அந்த எண் மேலைநாடுகளில் பரவ, எட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் துறவி பீட் தமது நூல்களில் அதனைக் கையாள வேண்டியிருந்தது.

எகிப்தியக் கிறிஸ்தவர் செய்தது வேறு. எனக்கு அதுவே நெஞ்சைத் தொடுகிறது. அவர்கள் எண்ணை அழிக்கவில்லை. அதே 284இலிருந்து எண்ணியபடியே, பிற்காலத்தில் அதற்கு ‘வேதசாட்சிகளின் ஆண்டு’ என்று பெயரிட்டார்கள். கொன்றவனின் கணக்கு கொல்லப்பட்டோரின் கணக்காயிற்று. கொப்திக் திருச்சபை இன்றும் அவ்வாறே எண்ணுகிறது. 2024 செப்டெம்பரில் அங்கே 1741 பிறந்தது.