இரவுகளை எண்ணிப் பாருங்கள்

(செஞ்சியில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



அதோ நிற்கிறது ராஜகிரி. சுமார் 800 அடி உயரம். உங்கள் வீட்டு 15 வயதுப் பையன் அதன் படிகளில் பாதி ஏறுவதற்குள் உட்கார்ந்து விடுகிறானா? "சோம்பேறி" என்று திட்டாதீர்கள். அவன் மார்பில் காதை வைத்துக் கேளுங்கள். விசில் ஊதுவது போல் சத்தம் வந்தால், அது சோம்பலாக இராது. இரைப்பு நோயாக இருக்கலாம். அதைத்தான் ஆஸ்துமா என்கிறார்கள்.

இந்த நோயில் என்ன நடக்கிறது? மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்குகிறது. சுற்றியுள்ள தசை இறுகுகிறது. சளி அடைக்கிறது. உள்ளே போன காற்று வெளியே வரத் திணறுகிறது. இது தொற்று நோய் அல்ல. பிள்ளையின் தட்டையும் டம்ளரையும் தனியே வைப்பது வீண் கொடுமை.

நாம் செய்யும் தவறு என்ன? இழுப்பு வந்தால் ஓடுகிறோம், ஊசி போடுகிறோம், நின்றதும் மறந்து விடுகிறோம். ஆனால் நிலைத்துவிட்ட ஆஸ்துமாவில், இழுப்பு இல்லாத நாளிலும் உள்ளே வீக்கம் இருக்கிறது. கரியின்மேல் சாம்பல் பூத்திருப்பதைப் பார்த்து நெருப்பு அணைந்தது என்று நம்பலாமா?

நிலைத்த ஆஸ்துமாவை மூன்று தரமாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். வாரத்தில் 2 நாளுக்கு மேல் தொல்லை, ஆனால் தினமும் இல்லை. மாதத்தில் 3, 4 இரவு விழிப்பு. இது லேசானது. தினமும் தொல்லை, வாரத்தில் ஒரு இரவுக்கு மேல் விழிப்பு. இது நடுத்தரம். பகல் முழுவதும் இரைப்பு, அநேகமாக எல்லா இரவும் விழிப்பு. இது கடுமையானது. லேசானது என்ற பெயரைக் கேட்டு ஏமாறக் கூடாது. லேசான நோய் உள்ள பிள்ளைக்கும் திடீரென உயிருக்கு ஆபத்தான இழுப்பு வரலாம்.

ஒரு தாய் என்னிடம் சொன்னார்: "மகளுக்கு மாதம் ஒரு தடவைதான் வரும்." மகளைத் தனியே கேட்டேன். வாரத்தில் 3 இரவு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடிய வைக்கிறாள். ஏன் எழுப்பவில்லை? "அம்மா விடியற்காலையில் நடவுக்குப் போகணும்" என்றாள். தோழர்களே, நம் பிள்ளைகள் நம் களைப்பைப் பார்த்துத் தங்கள் மூச்சை மறைக்கிறார்கள். ஆகவே கேளுங்கள். இரவுகளை எண்ணுங்கள். அந்தக் கணக்கை டாக்டரிடம் சொல்லுங்கள்.

நோயைக் கிளப்புவது எது என்றும் பாருங்கள். சிலருக்கு ஒவ்வாமை: பாயிலும் தலையணையிலும் வாழும் தூசிப்பூச்சி, கரப்பான், ஈரச் சுவரின் பூஞ்சணம். இவர்களுக்குத் தும்மலும் மூக்கொழுகலும் கூடவே வரும். சிலருக்குச் சளிக்காய்ச்சல், மார்கழிக் குளிர், விறகடுப்புப் புகை. சிலருக்கு ஓட்டமும் மலையேற்றமும். இன்னும் சிலருக்கு வேலைத் தூசி: நெல் தூற்றும் களம், கடலைத் தோல், கல்குவாரி, பஞ்சாலை. வேலை நாளில் கூடி விடுமுறையில் குறைந்தால், குற்றவாளி வேலையிடம்தான்.

சிறு வயதில் இது ஆண் பிள்ளைகளிடம் அதிகம். பருவம் வந்தபின் பெண் பிள்ளைகளிடம் அதிகமாகிறது. சிலருக்கு மாதவிலக்கு நாட்களில் கூடும். "வயசுக்கு வந்தால் சரியாகும்" என்று காத்திருப்பது சரியல்ல.

வைத்தியம் என்ன? வீக்கத்தைக் குறைக்கும் மருந்தை இன்ஹேலரால் இழுக்க வேண்டும். நன்றாக இருக்கிறதே என்று தாமாக நிறுத்தக் கூடாது. 12 வயதுக்கு மேற்பட்டவருக்குக் குழாயை விரிக்கும் மருந்தை மட்டும் கொடுத்து நிறுத்தக் கூடாது என்று 2019இலேயே சர்வதேச வழிகாட்டுதல் சொல்லிவிட்டது. "இன்ஹேலர் பழகிப்போகும், அது கடைசி மருந்து" என்பது பொய். ஒரு இழுப்பில் வரும் புடசோனைடு பெரும்பாலும் 100, 200 மைக்ரோகிராம்தான். அதுவும் நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. அடிக்கடி விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரையோ உடம்பு முழுவதும் பரவுகிறது. இழுத்தபின் வாய் கொப்பளித்தால் போதும். பள்ளியில் சக பிள்ளைகள் முன் இழுக்க வெட்கப்படாதபடி பிள்ளைக்குத் தைரியம் சொல்லுங்கள். பீடி, சிகரெட் வீட்டிலேயே வேண்டாம்.

பேச்சு இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை, விலா உள்வாங்குகிறது, உதடு நீலம் பூக்கிறது என்றால் 108ஐக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

"இதற்கெல்லாம் பணம் ஏது?" என்பீர்கள். நியாயமான கேள்வி. புடசோனைடும் சால்பியூட்டமாலும் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. செஞ்சி அரசு மருத்துவமனையிலும், முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் போய்க் கேளுங்கள். மருந்து இல்லை என்றால் ஒருவராகத் திரும்பாதீர்கள். பத்துப் பேராகப் போய் மனுக் கொடுங்கள். வேலையிடத்தில் தூசியை அடக்கு என்று கேளுங்கள். இது பிச்சை அல்ல, பிள்ளைகளின் மூச்சு.

இன்றிரவே தொடங்குங்கள். விளக்கை அணைக்குமுன் பிள்ளையிடம் கேளுங்கள்: "நேற்று ராத்திரி தூங்கினாயா?"